பக்கத்து நாற்காலி

“பேச வருமா உனக்கு?”

சீட்டக்கா அவளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டபோது அக்காவின் உதடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஆணிகள் வரிசையாக நின்றன. கையில் சுத்தியல். முழங்காலுக்கு அடியில் அசையாமல் அழுத்திப் பிடித்த வேன் சீட்டு ஒன்று.

“வரும்,” என்றாள் அவள்.

“வந்து நின்னு எவ்வளவு நேரமாச்சு, ஒரு வார்த்தையக் காணோம். அதான் கேட்டேன்.”

“நீங்க வேலையா இருந்தீங்க.”

“நான் எப்பம்மா வேலையா இல்ல? நான் நிமிர்ற வரைக்கும் காத்திருந்தா உனக்குத் தலை நரைச்சிரும். உக்காரு. யாருன்னு சொல்லு.”

கடைக்குள் எங்கு பார்த்தாலும் சீட்டுகள்தான். பேருந்துச் சீட்டு, பைக் சீட்டு, கழற்றி வைத்த கார் சீட்டு. வாசலுக்கு அருகில் மெத்தென்று மஞ்சளாக இருந்த ஒன்றில் அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

“ஸ்கூல்ல உங்க பொண்ணுக்குத் துணையா என்னைப் போட்டிருக்காங்க. திங்கக்கிழமை சேரணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

சுத்தியல் நின்றது. அக்கா ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். “என்னங்க! வந்தாச்சு! நாம கேட்ட ஆள் வந்தாச்சு!”

கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். சிரித்தார். உள்ளே போய்விட்டார்.

“எங்க வீட்டுக்காரர். இன்னிக்குப் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சிட்டாரு,” என்றாள் அக்கா. “வாயாடி! இங்க வா. உன் மிஸ் வந்திருக்காங்க.”

சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஒரு சிறுமி வந்தாள். ஒன்பது வயது இருக்கும். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கைகள் நினைத்த இடத்துக்குப் போகாமல் சுற்றி வளைத்துப் போயின. கண்கள் மட்டும் குறி தப்பாமல் வந்தவளின் முகத்தைப் பார்த்தன. பிறகு அவள் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தன. சிறுமி ஏதோ சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் தொண்டைக்குள் எங்கோ மாட்டிக்கொண்டு, இழுபட்டு, உருமாறி வெளியே வந்தது.

வந்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “அப்படியா? ரொம்ப சந்தோஷம்,” என்றாள்.

சிறுமி அதையே இன்னும் அழுத்திச் சொன்னாள்.

“சரி சரி, கண்டிப்பா.”

வாயாடியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று புரியவே சற்று நேரமானது.

“அவ என்ன சொன்னா? சொல்லு பாப்போம்,” என்றாள் சீட்டக்கா.

“வாங்கன்னு சொன்னா.”

“அப்புறம்?”

“நல்லாப் படிப்பேன்னு…”

“அடடா. அந்த ஸ்பாஞ்சுல பசை தடவி வெச்சிருக்கு, இன்னும் காயல, எந்திரிங்க மிஸ்னு சொன்னா. ரெண்டு தடவை சொல்லிட்டா. நீ சந்தோஷம்கிற, கண்டிப்பாங்கிற!”

அவள் பதறி எழுந்தாள். சீட்டும் கூடவே எழுந்தது. வீட்டுக்காரர் சத்தமில்லாமல், பசையைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியோடு வந்து, அதை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அக்கா அவளைத் திருப்பி நிறுத்தி, சொந்தத் தங்கையின் உடுப்பைத் துடைப்பதுபோல் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

“புரியலன்னா புரியலன்னு சொல்லிடு, தங்கச்சி. அதுல ஒண்ணும் அசிங்கம் இல்ல. புரிஞ்ச மாதிரி மண்டையை ஆட்டுறவங்களப் பாத்துப் பாத்து என் பொண்ணுக்கு அலுத்துப் போச்சு. இன்னொரு தடவை சொல்லும்மான்னு கேட்டாச் சொல்லப் போறா. வாயா வலிக்குது அவளுக்கு?”

வாயாடி மறுபடி ஏதோ சொன்னாள்.

அவள் தயங்கினாள். “புரியல. இன்னொரு தடவை சொல்லும்மா,” என்றாள்.

“அப்படிக் கேளு!” என்று அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிறுமி சொன்னது, அந்த உடுப்பு இனிமேல் தேறாது என்பது. உண்மையிலேயே தேறவில்லை.

*

துணையாக வந்தவள் அதிகம் பேசாத பெண். ஆரம்பப் படிப்பு வீட்டு மொழியில், மீதிப் படிப்பு அலுவலகங்களில் புழங்கும் மொழியில். இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுவாள், இரண்டிலும் அளந்துதான் பேசுவாள். அந்த வேலை கிடைக்கவும் இரண்டு மொழியும் தெரிந்திருந்ததுதான் காரணம். ஆனால் அந்த வேலை எப்படி உண்டானது என்பதைப் பள்ளிக்குப் போன பிறகுதான் அறிந்தாள். அது சீட்டக்கா போட்ட சண்டையில் பிறந்த வேலை.

அக்கா கல்யாணத்துக்கு முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவள். வண்டிச் சீட்டுக் கடை வீட்டுக்காரருடையது. அவர் அளவு எடுத்தால் நூல் பிசகாது, ஆனால் வாடிக்கையாளர் விலையைக் குறைத்துக் கேட்டால் மறுத்துப் பேச வாய் வராது. அக்கா வந்து ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கல்லாவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு பழைய பேருந்துச் சீட்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து பேச்சு முழுக்க அவள் பங்கு. “சீட்டு தானா கிழியலண்ணே,” என்பாள் ஓட்டுநர்களிடம். “பின்பாக்கெட்டுல ஸ்க்ரூ டிரைவர வெச்சுக்கிட்டு உக்காந்தா ராஜா சிம்மாசனமும் கிழியத்தான் செய்யும்.” அவர்களும் திட்டு வாங்குவதற்கென்றே வருவதுபோல் வந்தார்கள்.

பெண் பிறந்தாள். கழுத்து நிற்கவில்லை, கை கால் சொன்னபடி கேட்கவில்லை. பிறக்கும்போது மூளைக்குக் காற்று போதவில்லை என்றார் மருத்துவர், அறிவுக்கு ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். அக்கா அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வெகு தாமதமாக வந்தது. முதல்முறை “அம்மா” என்று அது வெளியே வந்த நாளில், மூன்று பேர் வீட்டில் அதிகம் பேசாத மனிதர் வாய் திறந்தார். “இனிமே இந்த வீட்ல ரெண்டு வாயாடி,” என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை தன்மையாகத்தான் பேசினார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வெளியூரில் தனிப் பள்ளி இருக்கிறதே என்றார்.

“தனியா இருக்கறதுக்கு எங்க வீடே போதுமே டீச்சர். அதுக்கு எதுக்கு ஒரு ஸ்கூலு?” என்றாளாம் அக்கா.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். வாயாடிக்கு ஏதாவது தேவையென்றால் ஆசிரியர்கள் பார்க்க முடியாது, தாயார் நாள் முழுக்க வராந்தாவில் இருக்க வேண்டும். அக்கா ஸ்டீயரிங் உறைகளையும் ஊசி நூலையும் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் கடை விரித்தாள். உள்ளே வாயாடிக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டவள் வகுப்பிலேயே உயரமான பெண். பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகையை மறைக்கிறாள் என்பதற்காக ஓரத்துக்குத் தள்ளப்பட்டவள். நெட்டச்சி என்று பெயர். நெட்டச்சிக்குக் கணக்கு வராது. வாயாடிக்கு எழுத வராது, கணக்கு வாய்க்குள்ளேயே ஓடும். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி இரண்டு நோட்டிலும் எழுதினாள். ஒரு தடவை இரண்டு நோட்டிலும் ஒரே தப்பு. ஆசிரியர் யார் செய்தது என்று கேட்டதற்கு, வாயாடி நெட்டச்சியையும் நெட்டச்சி வாயாடியையும் கைகாட்டினார்கள். வராந்தாவில் உட்கார்ந்து இவர்களுடைய சண்டையை ஒட்டுக்கேட்டு அக்கா தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் கடை படுத்துவிட்டது. வீட்டுக்காரர் மறுபடி விலையைக் குறைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பேருந்து நடத்துனர் ஒருவரின் மகனுக்கு அடிக்கடி வலிப்பு வரும். வராந்தாவில் உட்கார அவர் வீட்டில் ஆளில்லை. அதனாலேயே அந்தப் பையன் பள்ளிக்கே போகவில்லை. “எனக்குத் தைக்கற வேலை, எங்க வேணா உக்காந்து தைப்பேன்,” என்றாள் அக்கா. “கண்டக்டரண்ணன் வராந்தாவுல உக்காந்து யாருக்கு டிக்கெட் கிழிப்பாரு?”

அதுபோல் இருந்த பெற்றோர்களை அவள் கடைக்கு அழைத்தாள். கழற்றிப் போட்ட சீட்டுகளில் எல்லோரும் வசதியாகச் சாய்ந்துகொண்டு பேசினார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தேவைப்படுகிற பிள்ளைக்குப் பள்ளியே ஒரு துணையாளைப் போட வேண்டும். தாய் தகப்பனை வராந்தாவில் உட்காரவைக்கக் கூடாது.

கல்வி அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எல்லாக் கதையிலும் வருவது இவ்வளவு. அதிகாரி அவர்களைப் பார்க்கவில்லை. போகும்போதெல்லாம் வெளியே ஒரு நீளப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, சாயங்காலம் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். பெஞ்சின் மேலுறை கிழிந்து, உள்ளிருந்த நார் பிதுங்கி, உட்காருகிறவர்களைக் குத்தியது. சில தடவை பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் சுத்தியல், ஆணி, ரெக்சின் சுருள் எல்லாவற்றோடும் வந்தாள். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டாள். நடத்துனர் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, டமார் டமாரென்று அடிக்க ஆரம்பித்தாள்.

அதிகாரி அறையிலிருந்து வெளியே ஓடிவந்தார். “யாரும்மா அது? இங்க என்ன அடிக்கிறீங்க?”

“ஆணிதான் சார்.”

“ஆபீஸ்ல வந்து எதுக்கு ஆணி அடிக்கிறீங்க?”

“நீங்க எங்களக் கூப்பிட இன்னும் ரொம்ப நாளாகும்போல இருக்கு. இருந்து பாக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அதான் உக்கார வசதி பண்ணிக்கிறோம். உங்க நாற்காலி எப்படி இருக்கு சார்? அதையும் பாத்துரட்டுமா?”

அதிகாரி சிரித்துவிட்டார் என்று ஒரு கதை, முறைத்தார் என்று இன்னொரு கதை. எப்படியோ அன்று உள்ளே கூப்பிட்டார். உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போதுதான் ஆணை வந்தது. அந்தப் பெஞ்சு மட்டும் இன்றைக்கும் கிழியாமல் இருக்கிறது.

*

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனபோது அங்கே அவளுக்காக ஒரு நாற்காலி காத்திருந்தது.

சீட்டக்காவே செய்தது. கார் சீட்டின் இரும்புச் சட்டத்தை வெட்டி, வாயாடியின் சக்கர நாற்காலியோடு நட்டுப் போட்டு இணைக்கிற மாதிரி அமைத்திருந்தாள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே கைப்பிடி, ஒரே எழுதுபலகை. மிஸ் கையை நீட்டாமலே பென்சில் எட்டும், குனியாமலே தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கலாம். ஓரங்களில் நீலப் பட்டை வைத்துத் தைத்திருந்தாள். முதுகு வலிக்காமலிருக்க இடுப்புக்கு ஒரு திண்டு.

“உன் அளவு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?” என்று கேட்டாள். “அன்னிக்குப் பசையில உக்காந்தியே, அச்சு அப்படியே விழுந்திருந்துச்சு.”

அவள் வெட்கத்தில் சிவந்துபோனாள். ஆனால் அதுவரை யாரும் அவளுக்கென்று அளவெடுத்து எதையும் செய்ததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, இந்தப் பிள்ளைக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்ய வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளைகள் அன்றைக்கே அவளுக்குப் பக்கத்து மிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சொன்னபடியே செய்தாள். புரியாததைப் புரியவில்லை என்று கேட்டுக் கேட்டு, மழைக்காலம் வருவதற்குள் வாயாடி பேசுவது முழுக்கப் பழகிவிட்டது. பிறகு சொல்லி முடிக்கவே வேண்டாம், பாதியில் புரிந்துவிடும். வாயாடி உதட்டைக் குவித்தால் தண்ணீர். கண்ணை இடுக்கினால் கரும்பலகை தெரியவில்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் வாயாடி பதிலைத் தொடங்குவாள், பக்கத்து மிஸ் அதை எடுத்து வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடுவாள். எல்லோர் எதிரிலும் வாய் திறக்கத் தயங்கியவள், இன்னொருத்தியின் வார்த்தைகள் என்பதால் தயங்காமல் பேசினாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

நெட்டச்சி பின்பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதை யாரும் முடிவு செய்யவில்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது புது நாற்காலி இருந்தது, அவ்வளவுதான். முதலில் இடைவேளைகளில் வந்து நின்றாள். “மிஸ், அவ விளையாட வருவாளா?” என்று பக்கத்து மிஸ்ஸிடம் கேட்டாள். “மிஸ், அவளுக்குப் பிஸ்கட் வேணுமா?” என்றாள். வாயாடி அங்கேயேதான் இருந்தாள். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் மிஸ்ஸைத்தான் கேட்டார்கள், மிஸ்தான் பதில் சொன்னாள். கொஞ்ச நாளில் கேட்பதும் நின்றுபோனது. பக்கத்து மிஸ் அதைக் கவனிக்கவில்லை. வேலை அவ்வளவு இருந்தது.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, தங்களுக்குப் பிடித்த நண்பரைப் பற்றி நான்கு வார்த்தை பேச வேண்டும். நண்பராகச் சொல்லப்பட்டவரும் எழுந்து நிற்க வேண்டும். ஒரே கூச்சலும் சிரிப்புமாக நடந்தது. நெட்டச்சி வேறு ஒரு பெண்ணைச் சொன்னாள். சொல்வதற்கு முன்பு ஒரு தடவை சக்கர நாற்காலிப் பக்கம் பார்த்தாள்.

வாயாடியின் முறை வந்தது. அவள் பேசினாள். அறையே காது கொடுத்துக் காத்திருந்தது. பக்கத்து மிஸ்ஸுக்குப் புரிந்தது, ஆனால் இந்த ஒரு தடவை எடுத்துச் சொல்ல நா எழவில்லை.

“என்ன சொன்னா?” என்று கேட்டார் ஆசிரியர்.

“நான்தான்னு சொன்னா,” என்றாள். “என் ஃப்ரெண்டு பக்கத்து மிஸ்ஸுன்னு சொன்னா.”

எல்லோரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து மிஸ் அந்த நிமிடம் சீட்டக்காவைத் தேடினாள். இந்தச் சந்தோஷத்தில் பாதி அக்காவுக்குத்தான் சேரும் என்று நினைத்தாள்.

அக்கா கடைசி வரிசையில் நின்றிருந்தாள். கை தட்டவில்லை. அவள் பார்வை மகள் மேலும் இல்லை, மிஸ் மேலும் இல்லை. இரண்டு நாற்காலிகளையும் சேர்த்துப் பிடித்திருந்த நட்டின் மேல் இருந்தது.

*

அதற்குப் பிறகு அக்கா பள்ளிப் பக்கம் வரவில்லை. வாசலில் வண்டி நிறுத்தி வாயாடியை இறக்கிவிடுவது வீட்டுக்காரர்தான். அவரிடம் என்னவென்று கேட்டால் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை வாயாடி தண்ணீர் பாட்டிலை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதைக் கொடுக்கிற சாக்கில் பக்கத்து மிஸ் கடைக்குப் போனாள். வாசலுக்கு வரும்போதே உள்ளே நடத்துனரின் குரல் கேட்டது.

“உனக்கென்ன பைத்தியமா? ஆபீஸ்ல போய் அப்படிச் சொல்லப் போறியா? ‘நாங்க கேட்டதுல ஒரு தப்பு இருக்கு சார்’னா, அப்ப வேணாம்னு எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. என் பையனுக்குப் பக்கத்துல ஆள் இல்லன்னா அவனுக்கு ஸ்கூலே இல்ல!”

“எனக்குத் தெரியாதாண்ணே? அதான் போகாம உக்காந்திருக்கேன்.”

“உன் பொண்ணுக்கு நல்ல மிஸ் கெடச்சிருக்கு. ஊரே சொல்லுது. இதுக்கு மேல என்னதான் வேணும் உனக்கு?”

“நெட்டச்சி வேணும்ணே,” என்றாள் அக்கா.

அக்காவே தொடர்ந்தாள், அவளுக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில்.

“தனியா இருக்க வீடே போதும்னு சொல்லித்தான் அந்த ஸ்கூல்ல சேத்தேன். இப்ப அந்தத் தனிமைய நானே சட்டம் வெட்டி, பட்டை வெச்சுத் தெச்சு, நட்டுப் போட்டு முறுக்கி வகுப்புக்குள்ள கொண்டுபோய் வெச்சிட்டேன். யார் மேல கோவப்பட?”

நடத்துனர் வெளியே வந்தபோது வாசலில் நின்றவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். “உன்னப் பத்தித்தாம்மா பேச்சு. உன் மேல ஒரு குறையும் இல்ல,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

அவள் உள்ளே போனாள். பசை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். வழக்கமாக அக்கா அதைக் கிண்டல் செய்வாள். அன்று செய்யவில்லை.

“நான் வேலைய விட்டுரட்டுமாக்கா?”

“அடி வாங்குவ,” என்றாள் அக்கா. “நீ விட்டா பாத்ரூமுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? புஸ்தகம் படிக்கறதுக்கு யாரு பலகையைச் சாய்ச்சு வெப்பா? நீ இருக்கணும். இன்னும் பத்துப் பேர் உன்ன மாதிரி வரணும். அதுக்காக இன்னொரு தடவை ஆணி அடிக்கணும்னாலும் அடிப்பேன்.”

“அப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. நான் சொன்னதச் செஞ்ச. சொன்னதுக்கு மேலயும் செஞ்ச.” அக்கா எழுந்து வந்து எதிரில் இருந்த பைக் சீட்டில் உட்கார்ந்தாள். “நான் அவளுக்குக் கை வேணும்னு கேட்டேன், கால் வேணும்னு கேட்டேன். கிடைச்சுது. பக்கத்து சீட்டு காலியா இருந்தாத்தான் அங்க ஒருத்தி வந்து உக்காருவான்னு எனக்குத் தோணல பாரு. ஊருக்கே சீட்டுப் போட்டுக் குடுக்கறவ நான்.”

அடுத்த நாள் பள்ளி விடுமுறை. காவலாளியிடம் சொல்லி வகுப்பைத் திறக்கச் செய்து, இருவரும் ஸ்பானரோடு போனார்கள். நட்டைக் கழற்றினார்கள். பக்கத்து மிஸ்ஸின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டார்கள். கூப்பிட்டால் கேட்கும், ஆனால் எட்டாது. அந்தத் தூரத்தை அக்கா முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். வீட்டுக்காரர் வந்திருந்தால் அளந்தே சொல்லியிருப்பார்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகப் போய்விடவில்லை. “சம்பளம் வாங்கிட்டுச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கீங்களே,” என்று தலைமையாசிரியை பக்கத்து மிஸ்ஸைக் கேட்டார். அக்கா போய் அவருடைய அறை நாற்காலிக்குப் புது உறை போட்டபடியே பேசி அதைத் தீர்த்துவைத்தாள். வாயாடி இரண்டு நாள் மிஸ்ஸோடு பேசவில்லை. ஒரு தடவை தண்ணீர் பாட்டிலைத் தானே எடுக்கப் போய்த் தரை முழுக்கக் கொட்டினாள், ஓடிப்போய்ப் பிடிக்காமல் இருப்பதற்குப் பக்கத்து மிஸ் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு வந்தது பின்பெஞ்சிலிருந்து நெட்டச்சி. துடைத்துவிட்டு அவள் திரும்பிப் போகவில்லை. கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காலி இடத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த வாரமே இரண்டு நோட்டிலும் மறுபடி ஒரே தப்பு வந்தது. ஆசிரியர் பக்கத்து மிஸ்ஸிடம் புகார் சொன்னார். அவள் அதைக் கடைக்குப் போய்ச் சொன்னபோது, சீட்டக்கா வாயிலிருந்த ஆணிகள் தெறித்து விழும்படி சிரித்தாள்.

இப்போது வேறு பள்ளிகளில் துணை மிஸ்ஸாகச் சேருகிறவர்களையெல்லாம் அக்கா கடைக்கு வரச் சொல்கிறாள். தூரமாக உட்காருவது எப்படி என்று அவளே உட்கார்ந்து காட்டுகிறாள். நடத்துனரும் கூட இருந்து, தன் மகனுக்கு எவ்வளவு பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு கிடையாது என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் சண்டைதான்.

ஆனால் நட்டைக் கழற்றிய அந்தச் சனிக்கிழமை, இதில் எதுவும் நடக்கும் என்று இருவருக்குமே தெரியாது. வகுப்பைப் பூட்டிவிட்டு வராந்தா வழியாக வந்தார்கள். அக்கா எந்தத் தூணோரம் உட்கார்ந்து ஸ்டீயரிங் உறை தைத்தாளோ அந்த இடம் வந்தபோது நின்றாள். ஸ்பானரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள். எதையும் பட்டென்று கேட்டுவிடுகிறவள், இதைக் கேட்க மட்டும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

“தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கவே கூச்சமா இருக்கு.”

“கேளுங்கக்கா.”

“முத நாள் உன்கிட்ட என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?”

“புரியலன்னா புரியலன்னு சொல்லச் சொன்னீங்க.”

“ம். நீயும் விடாம கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்ட. எங்க ரெண்டு பேருக்கு அடுத்து அவ பேசறது முழுசா புரியறது உனக்குத்தான்.” அக்கா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். சுவரோரம் தனியாக நின்ற நீலப்பட்டை நாற்காலி தெரிந்தது. “அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன். மத்தப் பிள்ளைங்க வந்து, மிஸ், அவ என்ன சொல்றான்னு உன்னக் கேப்பாங்க. நீ உடனே சொல்லிடாத. கொஞ்ச நாளைக்கு மட்டும், எனக்காக… உனக்குப் புரிஞ்சாலும், ‘எனக்குப் புரியலயே, நீயே போய் அவளக் கேளு’ன்னு சொல்லிடறியா?”